மஞ்சள் பூசிய செல்லை எக்செல் ஏன் எண்ணுவதில்லை?

குறுவை அறுவடை தொடங்கியதும் காவிரி டெல்டாவில் நெல்லோடு சேர்ந்து பட்டியல்களும் குவியத் தொடங்கும். எந்த விவசாயி, எந்த ஊர், புல எண் என்ன, எத்தனை ஏக்கர், என்ன ரகம், எத்தனை சிப்பம் (மூட்டை), ஈரப்பதம் எவ்வளவு, பணம் ஏறியதா இல்லையா. மன்னார்குடிப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருக்கட்டும், பாபநாசத்து அரிசி ஆலையாக இருக்கட்டும், இந்தப் பட்டியல் பெரும்பாலும் எக்செல்லில்தான் இருக்கும். அதில் பாதிச் செய்தி எழுத்தில் இருக்காது, நிறத்தில் இருக்கும். அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல் தராதவர் மஞ்சள். பணம் ஏறியவர் பச்சை. ஈரப்பதம் கூடிப்போய், காயவைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர் சிவப்பு. பட்டியலைத் தயாரித்தவருக்கு ஒரு பார்வை போதும். ஆனால் ஒரு நாள் மேலாளர் கேட்பார்: "மஞ்சள் எத்தனை பேர்? அவர்களுடைய நெல் மொத்தம் எத்தனை சிப்பம்?"

எண்ணிச் சொல்லலாம். பட்டியலில் எண்ணூறு பேர் இருந்தால் எண்ணி முடிப்பதற்குள் இரண்டு முறை தடம் மாறும். எக்செல்லையே எண்ணச் சொல்லலாம் என்று பார்த்தால், நிபந்தனைக்குப் பொருந்துவதை எண்ணும் கவுன்ட்இஃப், கூட்டும் சம்இஃப் என்று அதில் இருக்கும் எந்த ஃபார்முலாவுக்கும் மஞ்சள் என்றால் என்னவென்று தெரியாது.

காரணம், ஒரு செல்லில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று அதன் மதிப்பு: நாம் அடித்த எண், சொல், தேதி. மற்றது அதன் தோற்றம்: எழுத்துரு, கட்டம், பூசிய நிறம். ஃபார்முலாக்கள் மதிப்பை மட்டுமே படிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சளைப் பார்த்ததும் நமக்குச் சேதி புரிந்துவிடுகிறது. தபால்காரரோ முகவரியைத்தான் பார்க்கிறார். எக்செல் அந்தத் தபால்காரர். தோற்றத்தில் நாம் ஏற்றிவைக்கும் பொருள் அதன் வேலையில் சேர்த்தி இல்லை.

தோற்றமும் மதிப்பும் வேறு வேறு என்பதைப் புல எண்ணிலும் பார்க்கலாம். 12/3 என்று அடித்து என்டர் தட்டினால், இந்தியத் தேதி அமைப்பில் உள்ள கணினி அதை மார்ச் 12 ஆக்கிவிடும். உள்ளே கிடப்பது தேதியைக் குறிக்கும் ஒரு எண். உட்பிரிவு எண் போயே போய்விட்டது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்தால் தப்பிக்கலாம்.

மேக்ரோவுக்கு, அதாவது எக்செல்லுக்கு நாமே எழுதித் தரும் சிறு நிரலுக்கு, போகும் முன் ஒரு குறுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இது போதும். எக்செல் 2007 முதல் நிறத்தை வைத்தே ஃபில்டர் செய்யலாம். சிப்பம் நெடுவரிசைக்குக் கீழே சம் போடுவதற்குப் பதிலாக சப்டோட்டல் ஃபார்முலாவை 109 என்ற எண்ணோடு போட்டுவைத்தால், ஃபில்டரில் மஞ்சளைத் தேர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் அது கூட்டிக் காட்டும். மேலாளரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எல்லா நிறத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே அட்டவணையில், ஊர்வாரியாகப் பதில் வேண்டும் என்னும்போதுதான் மேக்ரோ தேவைப்படுகிறது.

எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏ, செல்லின் தோற்றத்தையும் படிக்கும். பூசிய நிறத்தைக் கேட்க, ரேஞ்ச் என்பதற்குள் செல்லின் முகவரியைத் தந்து, அதன் பின்னால் புள்ளி வைத்து இன்டீரியர், மறுபடி புள்ளி வைத்து கலர் என்று எழுத வேண்டும். கிடைக்கும் பதில் "மஞ்சள்" என்ற சொல்லாக இருக்காது. 65535 என்ற எண்ணாக இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கூறுகளும் 0 முதல் 255 வரை. சிவப்பை அப்படியே எடுத்து, பச்சையை 256ஆல் பெருக்கி, நீலத்தை 65536ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் எக்செல்லின் நிற எண் கிடைக்கும். மஞ்சள் என்பது முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் சேர்ந்தது. 255 கூட்டல் 65280, ஆக 65535. தனிச் சிவப்பு வெறும் 255. நிறப் பட்டியலின் அடியில் ஸ்டாண்டர்ட் வரிசையில் இருக்கும் பச்சை 5287936.

இந்த எண்களை மேக்ரோவுக்குள் நேரடியாக எழுதிவைப்பதுதான் முதல் சறுக்கல். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. அங்கே சிவப்புக்குத்தான் பெரிய பெருக்கல். எனவே அதே மஞ்சள் அங்கே 16776960 ஆகிவிடும். கூகுள் ஷீட்ஸ் எண்ணாகவே தருவதில்லை. இணையப் பக்கங்களில் நிறத்தைக் குறிக்கும் பதினாறடிமானக் குறியீட்டை எழுத்துச் சரமாகத் தருகிறது. நிறமே பூசாத செல்லும் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு விதம். கால்க் −1 என்று சொல்லும். எக்செல் 16777215 என்று சொல்லும், அதாவது வெள்ளை. நிறத்தை நீக்குவதாக நினைத்து வெள்ளையைப் பூசிவிடும் பழக்கம் உள்ள அலுவலகங்களில் இது தலைவலி. பூசாததும் வெள்ளை பூசியதும் ஒரே எண்ணாக வந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய கலர்இன்டெக்ஸ் என்ற இன்னொரு பண்பைக் கேட்க வேண்டும். பூசாத செல்லுக்கு அது −4142 என்று பதில் தரும்.

கலர்இன்டெக்ஸ் ஒரு பழைய காலத்து மிச்சம். 2003 பதிப்பு வரை எக்செல் ஃபைல் ஒன்றில் 56 நிறங்களுக்குத்தான் இடம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண், மஞ்சளுக்கு 6. 2007இல் அந்தத் தடை நீங்கி, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் வந்தன. இப்போது கலர்இன்டெக்ஸைக் கேட்டால், அந்த 56இல் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதன் எண்ணைத் தருகிறது. கண்ணுக்கு வேறாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இதனால் ஒன்றாகிவிடலாம். கலர் பண்பிலோ பிரச்சினை எதிர்த்திசையில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மஞ்சள்கள் வேறு வேறு எண்களாக வரும். காலையில் ஒருவர் ஸ்டாண்டர்ட் மஞ்சளைப் பூசியிருப்பார், 65535. மாலையில் வந்தவர் கொஞ்சம் வெளிறிய மஞ்சளைப் பூசியிருப்பார், 10092543. நமக்கு இரண்டுமே "அடங்கல் வரவில்லை". மேக்ரோவுக்கு அவை அந்நியர்கள்.

எனவே நிறத்தைப் படிக்கும் வேலையில் முதலில் எழுத வேண்டிய மேக்ரோ, கூட்டல் மேக்ரோ அல்ல. பட்டியல் முழுவதும் நடந்து, என்னென்ன நிற எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை செல்லில் இருக்கிறது என்று ஒரு புதிய ஷீட்டில் எழுதிவைக்கும் சிறிய மேக்ரோ. மூன்று நிறம்தான் என்று அடித்துச் சொல்பவருடைய பட்டியலில் ஏழெட்டு எண்கள் வருவது சாதாரணம். அதைப் பார்த்த பிறகுதான் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்ய முடியும். ஒப்பிடும்போதும் எண்ணை எழுதாமல், ஒரு மாதிரிச் செல்லைச் சுட்டி "இதன் நிறம் எதுவோ அது" என்று கேட்டால், மேக்ரோ தெரியாத ஒருவரும் மாதிரியை மாற்றிக்கொள்ள முடியும்.

அடுத்து எல்லோரும் விரும்புவது, நிறத்தைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன். சம் மாதிரி, ஷீட்டிலேயே எழுதிப் பயன்படுத்தும்படி. எழுதுவது எளிது, பத்து வரிகூட ஆகாது. கஷ்டம் பிறகுதான் தெரியும். ஒருவருக்குப் பணம் ஏறிவிட்டது, மஞ்சளைப் பச்சையாக்குகிறீர்கள், கூட்டுத்தொகை அசையாது. ஒரு செல்லின் மதிப்பு மாறினால் அதை நம்பியிருக்கும் ஃபார்முலாக்களை எக்செல் தானே மறுபடி கணக்கிடும். நிறம் மாறுவது மதிப்பு மாற்றம் இல்லை. எனவே யாரையும் எழுப்பாது. நிறம் மாறும்போது ஓடும்படி மேக்ரோ எழுதலாமே என்றால், நிறமாற்றத்துக்கென்று ஒரு நிகழ்வும் எக்செல்லில் கிடையாது. ஃபங்ஷனுக்குள் வாலட்டைல் என்று அறிவித்தால், ஷீட்டில் வேறெங்காவது கணக்கு நடக்கும்போதோ எஃப்9 தட்டும்போதோ அது புதுப்பித்துக்கொள்ளும். அதுவரை பழைய எண் நிற்கும், தன்மேல் எந்தச் சந்தேகமும் வராதபடி. பிழை என்று காட்டினால் பரவாயில்லை, பார்த்துச் சரிசெய்யலாம். நேற்றைய எண்ணை இன்றைய எண்போலக் காட்டும் ஃபங்ஷனைப் பணம் பட்டுவாடா செய்யும் பட்டியலில் வைக்க எனக்கு மனம் வராது.

மேக்ரோ எழுதாமல் கெட்.செல் என்ற பழைய கட்டளையை 63 என்ற எண்ணோடு பயன்படுத்தச் சொல்லும் யோசனையும் சுற்றி வருகிறது. அது 1993இல் விபிஏ வருவதற்கு முந்தைய, எக்செல் 4 காலத்து மேக்ரோ மொழி. செல்லில் நேரே எழுத முடியாது. நேம் மேனேஜரில் ஒரு பெயர் கொடுத்து அதன் வழியாகத்தான் அழைக்க வேண்டும். நச்சு நிரல்கள் இந்தப் பழைய மொழியில் ஒளிந்து வருகின்றன என்பதால், மைக்ரோசாஃப்ட் 2022இல் அதை இயல்பாகவே முடக்கிவைத்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம்.

நிறம் கையால் பூசப்பட்டதா, விதியால் வந்ததா என்பது இன்னொரு கேள்வி. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். ஈரப்பதம் 17ஐத் தாண்டினால் செல் தானே சிவப்பாகட்டும் என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் விதி போட்டிருப்பார்கள். இந்தச் சிவப்பை இன்டீரியர் வழியாகக் கேட்டால் மேக்ரோவுக்குத் தெரியாது. அடியில் பூசியிருப்பதைத்தான் சொல்லும். 2010 பதிப்பில் வந்த டிஸ்ப்ளேஃபார்மேட் என்ற பண்பு, கண்ணுக்குத் தெரியும் நிறத்தையே தரும். ஆனால் ஷீட்டில் எழுதும் ஃபங்ஷனுக்குள் அது வேலை செய்யாது. தனியாக ஓட்டும் மேக்ரோவில் மட்டும்தான். உண்மையில் இங்கே நிறத்தைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. சிவப்பு எண்ணிலிருந்துதான் பிறந்தது. 17க்கு மேல் எத்தனை என்று கவுன்ட்இஃப் ஒரு வரியில் சொல்லிவிடும்.

நெடுவரிசையை எப்படிச் சுட்டுவது என்பதில் அலுவலகங்கள் இழக்கும் நேரம், நிறத்தில் இழப்பதைவிட அதிகம் என்பேன். ஏ, பி, சி என்று நெடுவரிசைக்கு எழுத்தும் வரிசைக்கு எண்ணும் தரும் வழக்கம் 1979இல் வந்த விசிகால்க் என்ற பழைய விரிதாள் மென்பொருளிலிருந்து தொடர்கிறது. இரண்டுக்குமே எண் தரும் ஆர்1சி1 முறையை மைக்ரோசாஃப்ட் 1982இல், எக்செல்லுக்கு முந்தைய தன் மல்டிபிளானில் கொண்டுவந்தது. எக்செல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. மனிதர்கள் எழுத்தில் பேசுகிறார்கள்; "ஒன்று முதல் முப்பத்தொன்று வரை" என்று சுழன்று வரும் மேக்ரோவுக்கோ எண் வசதி. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இடத்தில்தான் கால் இடறுகிறது.

கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கிலும் அன்றன்று எத்தனை கனஅடி திறக்கப்படுகிறது என்று ஒரு மாத ஷீட்டில் குறிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் ஆற்றின் பெயர், பி முதல் தேதிகள். 64உடன் நெடுவரிசை எண்ணைக் கூட்டி, கணினியில் அந்தக் குறியீட்டு எண்ணுக்குரிய ஆங்கில எழுத்தை வாங்கிக்கொள்வது பலர் செய்யும் தந்திரம்; ஏ என்பது 65, பி 66. மாதத்தின் 25ஆம் தேதி வரை எல்லாம் சரியாக ஓடும், அன்றைக்கு இசட். 26ஆம் தேதிக்கு 91 வரும்; அந்தக் குறியீட்டில் இருப்பது சதுர அடைப்புக்குறி. மேக்ரோ நின்றுவிடும். மறு மாதம் ஒன்றாம் தேதி தானே சரியாகிவிடும் என்பதால், கணினியில் ஏதோ கோளாறு என்று பழிபோட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். இசட்டுக்கு அடுத்தது ஏஏ. இது பூஜ்யமே இல்லாத 26 அடிமான எண்முறை. ஏபி என்றால் 26 கூட்டல் 2, அதாவது 28. இசட்இசட் 702, ஏஏஏ 703. கடைசி நெடுவரிசை எக்ஸ்எஃப்டி, 16384. இந்தக் கணக்கை நாமே போடாமல், செல்ஸ் என்று எழுதி வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் தருவது நல்லது. செல்ஸ் எழுத்தையும் ஏற்கும் என்பது பலர் கவனிக்காத வசதி.

எழுத்தோ எண்ணோ, இரண்டுமே இடத்தைத்தான் சொல்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நம் நெல் பட்டியலில் டி புல எண், ஜி சிப்பம், எச் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். யாரோ பெயருக்கும் ஊருக்கும் இடையில் கைப்பேசி எண்ணுக்காக ஒரு நெடுவரிசையைச் செருகுகிறார். ஷீட்டில் உள்ள ஃபார்முலாக்கள் தாமாகவே ஓர் இடம் நகர்ந்துகொள்ளும். மேக்ரோவுக்குள் மேற்கோள் குறிக்குள் எழுதிய "எச்" நகராது. இப்போது எச்சில் இருப்பது சிப்பக் கணக்கு. 17 சிப்பத்துக்கு மேல் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் ஈரப்பதம் அதிகம் என்று மேக்ரோ தீர்ப்பு எழுதும். இதாவது பரவாயில்லை, பார்த்ததும் யாராவது சிரிப்பார்கள். புல எண் வேண்டாம் என்று டி நெடுவரிசையை நீக்கினால் ஜிக்கு ஈரப்பதம் வந்துவிடும். சிப்பங்களைக் கூட்டுவதாக நினைத்து 15, 16, 14 என்று மேக்ரோ கூட்டிக்கொண்டே போகும். நம்பும்படியான ஒரு மொத்தம் வரும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆகவே இடத்தைக் கேட்காமல் தலைப்பைத் தேட வேண்டும். முதல் வரிசையில் "சிப்பம்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று மேட்ச் என்ற ஃபங்ஷன் மூலம் கண்டுபிடித்து, கிடைத்த எண்ணைக் கொண்டு மற்ற வேலையைச் செய்வது. தலைப்பு கிடைக்காவிட்டால் மேக்ரோ அங்கேயே நின்று சொல்லிவிட வேண்டும்.

தமிழில் பட்டியல் வைப்பவர்களுக்கு இங்கே தனி இடைஞ்சல்கள் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும் கையேடுகள் இவற்றைப் பேசுவதில்லை. விபிஏ எழுதும் ஜன்னல் யுனிகோடு அறியாதது. அங்கே "சிப்பம்" என்று ஒட்டினால் கேள்விக்குறிகளாக நிற்கும். தலைப்புச் சொற்களை ஒரு தனி ஷீட்டில் எழுதிவைத்து, மேக்ரோ அங்கிருந்து படித்துக்கொள்ளும்படி செய்வதுதான் சுலபமான வழி. கால்க்கிலும் கூகுள் ஷீட்ஸிலும் இந்தத் தொல்லை இல்லை, நிரலுக்குள்ளேயே தமிழை எழுதலாம். அடுத்தது பழைய எழுத்துருக்கள். தமிழக அரசு 2010இல் யுனிகோடை ஏற்ற பிறகும், பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பட்டியல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் "ஈரப்பதம்" என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மூன்றாவது இன்னும் நுணுக்கமானது. "கொள்முதல்" என்பதில் உள்ள ஒகரத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு எந்த வேறுபாடும் இராது, ஒப்பிடும்போது பொருந்தாமல் போகும். தலைப்பை மறுபடி அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுவது இதற்கு எளிய மருந்து.

மென்பொருள் மாறும்போது சுட்டும் முறையும் மாறும். எக்செல்லில் வரிசை முன்னால், நெடுவரிசை பின்னால், எண்ணிக்கை 1இலிருந்து. கால்க்கின் சொந்த முறையில் நெடுவரிசை முன்னால், எண்ணிக்கை 0இலிருந்து. கூகுள் ஷீட்ஸில் நாமே எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு ரேஞ்சைக் கொடுத்தால் மதிப்புகள் மட்டுமே உள்ளே போகும்; நிறம் வாசலிலேயே நின்றுவிடும். முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்தால்தான் உள்ளே போய்ப் படிக்க முடியும்.

இத்தனைக்குப் பிறகு என் கருத்து இது. நிறத்தைப் படிக்கும் மேக்ரோவை ஒரு முறை ஓட்டுவதற்காக எழுதுங்கள், தினமும் ஓட்டுவதற்காக அல்ல. பட்டியலின் ஓரத்தில் "நிலை" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மஞ்சள் இருக்கும் வரிசையில் "அடங்கல் இல்லை", பச்சையில் "பணம் ஏறியது", சிவப்பில் "ஈரம் அதிகம்" என்று மேக்ரோ எழுதிவிடட்டும். அதன் பிறகு நிறத்தைக் கையால் பூசுவதை நிறுத்திவிட்டு, நிலை நெடுவரிசையின் சொல்லைப் பார்த்துத் தானே நிறம் வரும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்கள். கண்ணுக்கு அதே மஞ்சள், அதே பச்சை. எண்ணுவதற்கு வெறும் கவுன்ட்இஃப், கூட்டுவதற்கு சம்இஃப், ஊர்வாரியாகப் பிரிக்க எக்செல்லின் தொகுப்பு அட்டவணையான பிவட் டேபிள். வயலில் நிற்பவர் கைப்பேசியில் திறந்தாலும் படிக்கலாம். கைப்பேசி எக்செல்லில் மேக்ரோ ஓடாது. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு வாங்கினால் மஞ்சளும் பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் வரும். சொல் அப்படியே இருக்கும். வெறும் எழுத்தை மட்டும் வைத்திருக்கும் சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்தால் நிறம் முழுவதும் உதிர்ந்துவிடும், சொல் உதிராது.

மேக்ரோ உள்ள ஃபைலை மற்றவருக்கு அனுப்புவதும் இப்போது எளிதில்லை. மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை எக்செல் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. ஃபைலின் பிராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் செய்தால்தான் ஓடும். யார் அனுப்பியது என்று தெரியாத ஃபைலுக்கு அப்படிச் செய்யவும் கூடாது.

ஓட்டுவதற்கு முன் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல் இசட்டால் திரும்பப் பெற முடியாது. முழு நெடுவரிசையையும் படிக்கச் சொல்லாமல், பெயர் நெடுவரிசையில் கடைசிப் பெயர் இருக்கும் வரிசை வரைக்கும் மட்டும் போகச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வெற்றுச் செல்களின் நிறத்தையும் அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மாதிரியோடு பொருந்தாத நிறங்களை மேக்ரோ ஊகிக்கவிடாதீர்கள். அந்த வரிசைகளில் "தெரியவில்லை" என்று எழுதட்டும். எப்போதும் நாலைந்து வரிசைகள் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ கிடக்கும். அவற்றுக்கு என்ன பொருள் என்று பூசியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் பருவகாலப் பணியாளராக இருந்தால், கொள்முதல் முடிந்து ஊருக்குப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.